ஓவர்டைம் கணக்கும் நம் கம்ப்யூட்டரும்



நாம் நாலு பேர் கூடினால் வரியைப் பற்றிப் பேசுவோம், எடைமுத்திரையைப் பற்றிப் பேசுவோம், உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் பற்றிப் பேசுவோம். கடைப் பணியாளருக்குக் கொடுக்க வேண்டிய ஓவர்டைம் பற்றி மட்டும் பேச்சு வந்தால், ஒருவர் காபி சொல்வார், இன்னொருவர் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். நானும் அப்படி எழுந்து போனவன்தான். என் கடையிலேயே அந்த விஷயம் நடந்து, பணமும் கட்டி, தலையும் குனிந்துவிட்ட பிறகு பேசாமலிருப்பது சரியாகாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நமக்குப் பருப்பு, மிளகாய், மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரம். கடையிலும் கிடங்கிலுமாகப் பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். நான் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு தகப்பனாரின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். கம்ப்யூட்டர் எனக்குப் பின்னால் வந்த சாமான். ஆகவே இதில் தொழில்நுட்பம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் மூன்றும் தெரிந்தால் போதும்.

முன்பு எங்களிடம் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். நீள நோட்டில் ஒவ்வொரு ஆளின் பெயருக்கு எதிரேயும் வந்த நேரம், போன நேரம் எழுதுவார். கடைசியில் ‘அதிகப்படி’ என்று ஒரு கட்டம். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா, முகூர்த்த மாதங்கள் என்று வேலை நீளும் நாட்களில் அந்தக் கட்டத்தில் எழுதிவைத்து சனிக்கிழமை மாலை கையில் கொடுத்துவிடுவோம். அது சட்டப்படியான தொகைதானா என்று நான் பார்த்ததில்லை. பத்து இருபது கூடக்குறையப் போட்டுக் கொடுப்போம். வாங்குகிறவரும் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார்.

2022-ல் கணக்குப்பிள்ளை கண் சரியில்லை என்று ஓய்வு பெற்றுக்கொண்டார். மகன், “இனிமேல் நோட்டு வேண்டாம் அப்பா” என்று விரல் வைக்கும் இயந்திரமும் அதோடு இணைந்த சம்பளக் கணக்குச் சாப்ட்வேரும் வாங்கி, அந்த ஆண்டு அக்டோபரில் மாட்டினான். வெளிமாநிலத்துக் கம்பெனியின் சரக்கு. நிறுவ வந்த பையன் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். மாதக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பதினொரு பேருக்கும் சம்பளச் சீட்டு வந்து விழும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

2023 தீபாவளி முடிந்த வாரம், கிடங்கில் இருபது வருடத்துக்கு மேலாகச் சரக்குக் கட்டுகிறவர் வந்து நின்றார். மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும், ஐயாயிரம் முன்பணம் வேண்டும் என்றார்.

“என்னப்பா, இப்பத்தானே சீசன் முடிஞ்சது? ஓவர்டைமே கணிசமா வந்திருக்குமே?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரலைங்க மொதலாளி. தம்பிகிட்டக் கேட்டேன், மிஷின் எடுத்துக்கிட்டது அவ்வளவுதான்னு சொல்லிருச்சு” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். கணக்குப்பிள்ளை போன பிறகு அவராகவே எழுதி வந்திருக்கிறார். எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று பதினான்கு மாதக் கணக்கு அதில் இருந்தது.

அன்று இரவு கடை சாத்திய பிறகு மகனை உட்காரவைத்து அந்தச் சாப்ட்வேரில் ஓவர்டைம் விதி எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். தேடி எடுக்கவே அரைமணி ஆயிற்று. அங்கே ‘மாநிலம்’ என்று ஒரு கட்டம். அதில் தமிழ்நாடு இல்லை. கம்பெனி வரும்போதே போட்டுவைத்திருந்த வேறொரு மாநிலத்தின் பெயர் இருந்தது. ஒரு நாள் வேலைநேரம் 9 மணி என்று இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் போனால்தான் ஓவர்டைம் என்று அது தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த ஒன்பதும் ஒரேயடியாகத் தப்பான எண் அல்ல. கர்நாடகத்தில் 1961-ல் இயற்றிய கடைகள் சட்டத்தில் நாளைக்கு 9 மணிதான். மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 9 என்றுதான் எழுதினார்கள். பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் அப்படியே. ஆனால் நம் ஊரில் கடைக்குப் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 14-ஆம் பிரிவில் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கலாம், ஆனால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கினாலும் ஓவர்டைமையும் சேர்த்து நாளைக்கு 10 மணியையோ வாரத்துக்கு 54 மணியையோ தாண்டக் கூடாது. 31-ஆம் பிரிவின்படி ஓவர்டைம் கூலி சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு. கடை என்றால் முன்வாசல் மட்டும்தான், கிடங்கு இதில் வராது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வியாபாரத்துக்குப் பயன்படும் கிடங்கும் சரக்கறையும் அந்தச் சட்டத்தின்படி கடைதான், வேறு தெருவில் இருந்தாலும்.

ஒரு மணி நேர வித்தியாசம்தானே என்று தோன்றும். பருப்பில் கிலோவுக்கு ஐம்பது காசு பார்க்கிறவர்கள் நாம், இதையும் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளைக்கு 600. எட்டால் வகுத்தால் மணிக்கு 75. இரண்டு மடங்கு 150. காலை ஒன்பதுக்கு வந்து இரவு ஏழுக்குப் போகிறார், நடுவில் ஒரு மணி சாப்பாட்டு நேரம் என்றால் வேலை 9 மணி. நம் சட்டப்படி ஒரு மணி ஓவர்டைம், 150 ரூபாய். என் கம்ப்யூட்டர் கணக்குப்படி பூஜ்யம். சீசன் நாட்கள் நூறு என்று வைத்தால் ஓர் ஆளுக்கு 15,000 ரூபாய். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை நான் அவர் பையிலிருந்து எடுத்திருக்கிறேன். அதைத் தெரியாமல் எடுத்தேன் என்பதால் அவருக்குக் காலேஜ் பணம் வந்துவிடவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டோம். “எல்லா வாடிக்கையாளருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம், மாநிலத்தை நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்” என்றார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சொல்வதும் ஒருவகையில் நியாயம்தான். நிறுவ வந்த பையன் அந்தக் கட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, அது அவன் தப்பு. கேட்காமல் விட்டது எங்கள் தப்பு. வேலையாளிடம் போய், அந்தக் கம்பெனிக்காரன் தப்பு என்று சொல்ல என்னால் முடியுமா?

மாநிலத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அதுவும் முடியவில்லை. உள்ளே போகப்போக ஒவ்வொரு கட்டமாக வந்துகொண்டிருந்தது. அவற்றில் சிலவற்றை விவரமாகச் சொல்கிறேன், உங்கள் கடையில் என்ன பெயரில் இருந்தாலும் இதே கட்டங்கள் இருக்கும்.

மாதச் சம்பளத்தை எதால் வகுப்பது என்ற கட்டத்தில் 30 இருந்தது. நம் மாநிலத்துக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் மாதச் சம்பளக்காரருக்கு நாள் கூலி காண 26-ஆல் வகுக்கச் சொல்லியிருக்கும். வாரம் ஒரு நாள் விடுமுறை போக வேலை நாள் இருபத்தாறுதானே. முப்பதால் வகுத்தால் மேலே சொன்ன 600 ரூபாய் 520 ஆகிறது. அதையும் எட்டுக்குப் பதில் ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய் 58-க்குக் கீழே வந்துவிடும். அதாவது ஒன்பது மணியைத் தாண்டி எனக்கு ஓவர்டைம் காட்டிய சில நாட்களிலும் அது முக்கால் பங்கு கூலிதான் கொடுத்திருக்கிறது.

அடுத்தது சாப்பாட்டு நேரம். யாராக இருந்தாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சாப்ட்வேர் அந்த ஒரு மணியை தினமும் தானாகக் கழித்துக்கொள்கிறது. ஆள் உண்மையில் ஓய்வெடுத்தாரா என்று அதற்கு எப்படித் தெரியும்? தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் கிடங்கில் யார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டார்? இருபது நிமிடத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவர்கள்தான் எல்லோரும். நாற்பது நிமிட வேலையைத் தினமும் இலவசமாக வாங்கியிருக்கிறேன். இப்போது சாப்பாட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் விரல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைவிட நல்லது, ஒரு மணி ஆனதும் கிடங்கைப் பூட்டிச் சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்வது. அதையும் செய்து பார்த்தேன். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. சில்லறைக் கடைக்காரர்கள் சிலர் மதியம் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்பதும் உண்மைதான்.

பிறகு நிமிடத்தை முழுசாக்கும் கட்டம். காலையில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அரைமணியாகக் கழிக்கிறது. மாலையில் இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் அதைக் கால்மணியாகச் சுருக்குகிறது. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி வைத்திருந்த வியாபாரிகளைப் பற்றி நம் பெரியவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் கடைத் தராசை ஆண்டுதோறும் கொண்டுபோய் முத்திரை வைத்து வருகிறோம். இந்த இயந்திரத்துக்கு முத்திரை வைக்கிறவர் யாரும் இல்லை. முழுசாக்குவதையே நிறுத்திவிட்டு நிமிடக் கணக்கில் போடச் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டருக்கு நிமிடக் கணக்கு என்ன பாரம்?

சரிக்கட்டல் என்று ஒன்று இருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு மணி கூடுதலாக வேலை பார்த்தவர் வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று அரைநாள் எடுத்துக்கொண்டால், இரண்டையும் கழித்து மாதக் கடைசியில் ‘ஓவர்டைம் இல்லை’ என்று காட்டும். சட்டம் நாளைக்கு எட்டு என்றும் சொல்கிறது, வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்றும் சொல்கிறது. அந்த நாளின் கூடுதல் அந்த நாளோடு ஏற்பட்டுவிட்டது. அரைநாள் விடுப்பை விடுப்புக் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே மணியை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் இருமுறை எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் கூடுதலாகக் கொடுத்ததை வாரக் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

வாரத்தைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று. மாதம் புதன்கிழமை முடிந்தால் சில சாப்ட்வேர்கள் அந்த வாரத்தை இரண்டாக வெட்டிவிடுகின்றன. பாதி இந்த மாதம், பாதி அடுத்த மாதம். இரண்டு பாதியிலும் 48 வராது. வாரத்துக்கு இத்தனை என்ற விதியே அந்த வாரம் இல்லாமல் போய்விடும். எங்களுடையதும் அப்படித்தான் செய்தது. இதை மாற்ற மட்டும் கம்பெனிக்காரர் வர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிற விஷயம் தனி. இரட்டைக் கூலி கொடுத்துவிட்டால் ஞாயிறு வேலை சட்டப்படி ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். வார விடுமுறை என்பது வேறு கடமை. அதைப் பணத்தால் அடைக்க முடியாது. லாரி செட்டில் சொல்லித் திங்கட்கிழமை காலை இறக்கும்படி வைத்துக்கொண்டதில் எனக்குச் சில நூறு ரூபாய் காத்திருப்புக் கூலி போகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் இந்த விதி ஒரே மாதிரிப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர், ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் எடுப்பவர் ஆகியோருக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அவர்களைத் தனிப் பிரிவாக வைக்காவிட்டால் பஸ்ஸில் போன நேரமெல்லாம் ஓவர்டைமாக வந்து நிற்கும். அதற்காக கிடங்குச் சாவி வைத்திருப்பவரை ‘மேனேஜர்’ என்று பெயர் மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவர் காலையில் சாவியால் திறந்துவிட்டுச் சாயங்காலம் வரை மூட்டை தைக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். பதினேழு வயது நிறையாத பிள்ளைகளுக்கு நாளைக்கு 7 மணி, வாரத்துக்கு 42 மணி. அவர்களுக்கு ஓவர்டைமே கூடாது. என்னைக் கேட்டால் அந்த வயதில் கடையில் நிற்கவே வேண்டாம்.

பழைய விரல்பதிவு முழுவதும் இயந்திரத்தில் இருந்ததால் பதினான்கு மாதத்துக்கும் திரும்பக் கணக்குப் போட முடிந்தது. அந்தச் சரக்குக் கட்டுகிறவரின் சின்ன நோட்டோடு ஒத்துப்பார்த்தோம். இரண்டும் நிமிடம் பிசகாமல் ஒத்தது என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு அரைமணி முக்கால்மணி முன்பின் இருந்தது. அவர் நோட்டுப்படியே வைத்துக்கொண்டோம். ஏழு பேருக்கு 1,38,000 ரூபாய் சொச்சம் பாக்கி வந்தது. கார்த்திகையில் பாதி, தைப் பொங்கலுக்கு முன் பாதி என்று கொடுத்து முடித்தேன். சில நாட்கள் 10 மணியையும், தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரங்கள் 54 மணியையும் தாண்டியிருந்தோம் என்பதும் அந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிந்தது. அதை ஒளிப்பதற்கில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “போனஸ் கொடுக்கிறோம், பண்டிகைக்கு வேட்டி சேலை கொடுக்கிறோம், வீட்டில் கல்யாணம் என்றால் பத்தாயிரம் செய்கிறோம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஓடிப்போய் நிற்கிறோம். இதற்கு மேல் நிமிடக் கணக்கா? இது குடும்பம் மாதிரி ஐயா.” அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் நாம் விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு, அவருக்கு ஏற்கெனவே சேர வேண்டியது வேறு. சில்லறைக் கடைக்காரர் ஒருவர் நமக்குப் பத்து மூட்டைப் பருப்புக்குப் பாக்கி வைத்துவிட்டு, உங்கள் பேரன் காதுகுத்துக்கு மோதிரம் போட்டேனே என்று சொன்னால் பற்று வரவில் அந்த மோதிரத்தை வரவு வைப்போமா? இன்னொரு விதமாகவும் யோசித்தேன். எங்கள் சரக்குக் கட்டுகிறவருக்கு 15,000 ரூபாய் பாக்கி இருக்கும்போது அவர் என்னிடம் வந்து 5,000 கடன் கேட்டிருக்கிறார். நானும் பெரிய மனது பண்ணிக் கொடுத்திருப்பேன்.

ஆட்கள் வேண்டுமென்றே தாமதமாக விரல் வைப்பார்கள், வேலை முடிந்து பேச்சுக் கச்சேரி வைத்துவிட்டு ஓவர்டைம் கேட்பார்கள் என்பது இன்னொரு வாதம். இது நடக்கிறதுதான், மறுக்கவில்லை. அதற்கு வழி அன்றன்றைக்குச் சாயங்காலம் பார்ப்பது. கடை சாத்துமுன் ஐந்து நிமிடம் செலவழித்து, இன்று யார் யார் கூடுதல் நேரம், என்ன வேலைக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் சண்டை இல்லை. முப்பதாம் தேதி உட்கார்ந்துகொண்டு மூன்றாம் தேதி எதற்கு எட்டு மணி வரை இருந்தாய் என்று கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது, நமக்கும் இருக்காது.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமும் இப்போது முன்பு மாதிரி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் மாநிலக் கடைகள் சட்டம் அதன் பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் கூலிப் பாக்கி என்று ஒருவர் மனு கொடுக்க முன்பு ஓர் ஆண்டு, ஆறு மாதம் என்று இருந்த கெடு இப்போது மூன்று ஆண்டு. பாக்கியைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளியின் பொறுப்பு. சம்பளச் சீட்டும் கொடுத்தாக வேண்டும். என் கடைக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தப்பான விதி போட்ட சாப்ட்வேர் மாதாமாதம் அச்சடித்துத் தரும் சீட்டு, அந்த மனுவுக்கு நாமே எழுதிக்கொடுத்த சாட்சியாகப் போய் நிற்கும்.

அடிப்படைச் சம்பளத்தை ஐயாயிரம் என்று சின்னதாகக் காட்டி, மீதியைப் படி, படி என்று பிரித்து எழுதி ஓவர்டைமைக் குறைக்கும் பழக்கமும் நம்மிடையே உண்டு. புதிய தொகுப்பில் அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது. கழித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிச்சமும் கூலியாகவே எண்ணப்படும். ஆகவே சாப்ட்வேரில் ‘எந்தெந்தத் தொகை மீது ஓவர்டைம்’ என்ற கட்டத்தையும் உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆடிட்டரிடம் விட்டுவிட வேண்டாம், கூட உட்காருங்கள். அவருக்குச் சட்டம் தெரியும், உங்கள் கிடங்கில் மதியம் யார் சாப்பிட உட்கார்ந்தார் என்பது தெரியாது.

அதற்காகச் சட்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வாரத்துக்கு 54 மணி என்ற உச்சவரம்பு வருடம் முழுவதும் சரிதான், தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்துக்கு நம் தொழிலில் போதாது. ஆள் புதிதாக எடுக்கலாம் என்பார்கள். மிளகாயில் எது குண்டு, எது சம்பா என்று தெரியாத ஆளை இரண்டு வாரத்துக்கு எடுத்து என்ன செய்வது? காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் ஓய்வையும் சேர்த்து இரவு ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும், 12 மணி விரிவுக்கு மேல் போகக் கூடாது என்பதும் இருக்கிறது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசு ஆணையிட்டபோது, அப்படி நடத்தும் கடைகளுக்கு நாளைக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணி என்று உச்சவரம்பு வைத்து, ஓவர்டைமையும் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னார்கள். 2022-ல் அதை நீட்டித்தார்கள். அந்தச் சலுகையில் நடத்துபவர்கள் தங்கள் ஆணையைப் பார்த்து எண்ணைப் போட வேண்டும், மற்றவர்கள் அதைத் தொடக் கூடாது.

ஆனால் போதவில்லை என்றால் அதைக் கேட்கும் இடம் இருக்கிறது. சட்டத்தின் 6-ஆம் பிரிவில் குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. பண்டிகைக் காலத்துக்கு இத்தனை வாரம், இத்தனை மணி, இரட்டைக் கூலியோடு என்று சங்கத்தின் பெயரால் பகிரங்கமாக மனு கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தை மாற்றி 54-க்குள் வரும்படி அச்சடித்துக்கொள்வதைக் காட்டிலும் அது மரியாதையான வழி. அப்படி மாற்றித் தருகிறோம் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னிடமே ஒருவர், “இன்ஸ்பெக்டருக்கு ஒரு ரிப்போர்ட், உங்களுக்கு ஒரு ரிப்போர்ட் சார்” என்று பெருமையாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சங்க நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். தொழிலாளர் துறையிடம் கேட்டு, கடைகளுக்கான வேலைநேரம், ஓய்வு, ஓவர்டைம் விதிகளை ஒரு பக்கத்தில் எளிய தமிழில், ஒரு மாதிரிக் கணக்கோடு அச்சிட்டு ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொடுங்கள். உரிமம் புதுப்பிக்கும் விவரத்தை அனுப்புகிற தபாலிலேயே இதையும் வைத்துவிடலாம். இரண்டாவது, நம் ஊரில் சம்பளக் கணக்குச் சாப்ட்வேர் விற்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வரவழைத்து, அந்த மாதிரிக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். விடை சரியாக வருகிற சரக்கு எது, வராதது எது என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் நான் செய்ததைச் செய்து பார்க்கலாம். உங்கள் கடையில் அதிக நேரம் வேலை பார்க்கும் ஓர் ஆளின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் தாளும் வைத்து, நாளைக்கு 8, வாரத்துக்கு 48, இருபத்தாறால் வகுத்து, எட்டால் வகுத்து, இரண்டால் பெருக்கி நீங்களே போடுங்கள். பிறகு கம்ப்யூட்டர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கால்மணி நேர வேலை. மாநிலத்தை மாற்றினாலோ, சாப்ட்வேரைப் புதுப்பித்தாலோ மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். புதுப்பிக்கும்போது பழைய எண்கள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வதை 2024-ல் ஒருமுறை பார்த்தோம்.

எங்கள் சரக்குக் கட்டுகிறவர் இன்னும் அந்தச் சின்ன நோட்டை வைத்திருக்கிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை நோட்டும் கம்ப்யூட்டர் தாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். போன சனிக்கிழமை ஒரு நாள் மாலைப் பதிவு காணவில்லை. இயந்திரம் அவருக்கு அரைநாள் விடுப்பு என்று போட்டிருந்தது. விசாரித்தால் அன்று முழுவதும் மஞ்சள் மூட்டை கட்டியிருக்கிறார். கட்டைவிரல் ரேகை தேய்ந்து, அதன்மேல் மஞ்சள்தூளும் அப்பி, மூன்று முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. “கை கழுவிட்டு வந்து வச்சேன் மொதலாளி, அப்பவும் எடுக்கலை” என்றார். நோட்டில் 7.20 என்று இருந்தது. அதையே எழுதி, அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். விரலுக்குப் பதில் அட்டை வைத்து எடுக்கும் இயந்திரத்துக்கு விலை கேட்டிருக்கிறேன்.